காத்திருப்பில் அறுபத்து மூன்று

பள்ளி ஆண்டு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி ரேவதி டீச்சர் கேட்டு இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. நான் ஓய்வு பெற்ற பிறகு சமூக அறிவியலுக்கு என் இடத்தில் வந்தவர் அவர். திருப்பத்தூர்க்காரர்.

“இங்க மொத மொதல்ல ஸ்லைடு மேல பசங்களப் பேச வச்சது நீங்கதானாமே சார். அத எழுதுங்க. இந்த மாசத்தோட அந்தச் சந்தாவ நிறுத்திடறாங்க, வேற கம்பெனிக்கு மாறுறோம். உங்க கணக்கு இன்னும் திறந்துதான் இருக்கு. உள்ள போயி பழைய படம் ஏதாவது வேணும்னா எடுத்துக்குங்க. நல்ல விஷயமா ரெண்டு பக்கம், போதும்” என்றார்.

உள்ளே போனேன். அதனால்தான் இது நல்ல விஷயமாக வரவில்லை. இரண்டு பக்கத்திலும் அடங்கவில்லை. மலரில் போடுவதா வேண்டாமா என்பதை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அப்பா மைசூர் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தார். நான் விவேக்நகரில் பிறந்து விவேக்நகரிலேயே இருக்கிறேன். பி.ஏ., பி.எட்., பயிற்சிக் காலத்தில் நாற்பது மாதிரிப் பாடங்கள், அதன்பின் ஈஜிபுராவை ஒட்டிய ஒரே பள்ளியில் முப்பத்து நான்கு வருடம். அதில் விடுப்பு எடுத்தது நூற்றுப் பன்னிரண்டு நாள். எண்ணுவது எனக்குச் சிறு வயதிலிருந்தே உள்ள வழக்கம். படிக்கட்டு ஏறினால் படிகளை எண்ணுவேன். வகுப்புக்குள் நுழைந்தால் தலைகளை எண்ணுவேன். ஒரு ஆசிரியருக்கு இது நல்ல குணம் என்றுதான் முப்பத்து நான்கு வருடமும் நினைத்திருந்தேன்.

பெருந்தொற்றின்போது வகுப்புகள் கணினிக்குப் போயின. திரும்பப் பள்ளி திறந்தபோது கணினி மட்டும் எங்களை விடவில்லை. பள்ளி ஒரு கருவிக்குச் சந்தா கட்டியது. அது வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் ஒரு படத்தையோ காணொளியையோ ஸ்லைடாக ஏற்றி அதன் கீழே ஒரு கேள்வி வைப்பார். மாணவர்கள் வீட்டிலிருந்து அதைத் திறந்து மைக் பொத்தானை அமுக்கிப் பேசலாம், எழுதலாம். பேசிக்கொண்டே வண்ணப் பேனாவால் படத்தின் மேல் வட்டம் போட்டுக் காட்டலாம். ஒருவர் பேசி முடித்ததும் படத்தின் ஓரத்தில் அவர் முகம் சின்ன வட்டமாக வந்து உட்காரும். அடுத்தவர் அந்த வட்டத்தைத் தட்டிக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லலாம். நாற்பது நிமிட வகுப்பில் நாலு பேர்தான் வாய் திறப்பார்கள். இதில் நாற்பது பேரும் பேசலாம். எந்த மொழியில் வேண்டுமானாலும் பேசுங்கள் என்றேன். தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் இங்கிலீஷிலும் பேசினார்கள். ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டாமல் பிள்ளைகள் விவாதித்ததை நான் முதல்முறையாக அதில்தான் கேட்டேன். அந்த மகிழ்ச்சி பொய்யில்லை.

நான் போட்ட நிபந்தனை இரண்டு. வாரத்துக்கு ஒரு கருத்து சொந்தமாகச் சொல்ல வேண்டும். இன்னொருவருக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை காலை எண்ணி, வருகைப் பதிவேட்டு வரிசையில் ஒரு தாளில் எழுதி, வகுப்பில் வாசிப்பேன். ஆண்டு முடிவில் நூற்றில் பத்து மதிப்பெண் அதற்கு.

அந்தத் தாளின் நகல் பிரின்சிபால் மேடத்துக்குப் போகும். மேடம் தார்வாட் பக்கத்துக் கன்னடக்காரர். எங்களுக்காகத் தமிழ் கற்றுக்கொண்டவர். குரலை உயர்த்தி ஒருநாளும் கேட்டதில்லை. யார் அறைக்குள் போனாலும் எழுந்து நிற்பார். நாம் வெளியே வரும்வரை நின்றுகொண்டே இருப்பார். அவர் நிற்கும்போது நாம் எப்படி உட்காருவது? அதனால் அந்த அறையில் எந்தப் பேச்சும் ஐந்து நிமிடத்தைத் தாண்டியதில்லை. தாளை வாங்கி, பென்சிலை மேலிருந்து கீழாக ஓட்டி, “எஷ்டு சார்?” என்று எண்ணிக்கை கேட்பார். நான் மொத்தம் சொல்வேன். “போன வாரம் எஷ்டு?” சொல்வேன். “ஏறிருக்கு. ஒள்ளேது, நல்லது” என்று ஒரு கோடு போட்டுத் திருப்பித் தருவார். குழந்தைகள் என்ன பேசினார்கள் என்று அவர் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

அந்த ஜூலையில் ஒரு சங்கடம் வந்தது. வகுப்பின் இணைப்பு எப்படியோ வெளியே போய், யாரோ ஒரு அந்நியன் உள்ளே புகுந்து ஸ்லைடின் மேல் இருபத்து மூன்று விநாடி நாய் மாதிரி குரைத்துவிட்டுப் போனான். பிள்ளைகள் ஒரு வாரம் என்னைப் பார்த்ததும் குரைத்தார்கள். மேடம் எழுந்து நின்று சொன்னார்:

“சார், பட்டியல்ல இல்லாதவங்க பேசினா மொதல்ல நீங்க கேளுங்க. நீங்க சரி சொன்னா அப்புறம் பசங்க கேக்கட்டும்.”

அதற்கு அந்தக் கருவியிலேயே ஒரு பொத்தான் இருந்தது. அதைப் போட்டுவிட்டால், வகுப்புப் பட்டியலில் பெயர் இல்லாதவர் பேசியது ‘காத்திருப்பு’ என்ற தனிப் பக்கத்துக்குப் போய்விடும். ஆசிரியர் ஒப்புதல் தந்தால்தான் மற்றவர்களுக்குக் கேட்கும். பேசியவருக்கு மட்டும் தன் கருத்து ஸ்லைடில் இருப்பதாகவே தெரியும். குரைப்பவன் உஷாராகிவிடக் கூடாது என்று அப்படி ஒரு ஏற்பாடு.

போட்டேன். தினமும் காத்திருப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்துக் குறித்தேன். முதல் நாள் பூஜ்யம். இரண்டாம் நாள் பூஜ்யம். பதினான்கு நாள், பதினான்கு பூஜ்யம். பதினைந்தாம் நாள் பார்ப்பதை நிறுத்தினேன். பதினான்கு நாள் வராதது இனி வராது என்று கணக்குப் போட்டேன். யாராவது பேசினால் தகவல் வர வேண்டிய மின்னஞ்சல், அலுவலகத்தின் பொது முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை யாரும் திறப்பதில்லை.

ஆகஸ்டில் ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்கு மகேஸ்வரி வந்தாள். பள்ளி ஆண்டு தொடங்கிப் பத்து வாரம் ஆகியிருந்தது. கிருஷ்ணகிரி பக்கம். அப்பா இல்லை. அம்மா செல்வி, தையல் கம்பெனியில் வேலை. ஈஜிபுராவில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தார்கள். பதிவேட்டில் அவள் நாற்பத்து மூன்றாவது. கருவியின் பட்டியலில் அந்தப் பிரிவுக்கு இடம் நாற்பத்து இரண்டு.

மேடத்திடம் போனேன். எழுந்தார். “ஒந்து பொண்ணுக்காக நடுவுல சேர்க்க முடியாது சார். அடுத்த வருஷம் சேர்ப்போம். இவாக, இப்போதைக்கு, லிங்க் கொடுங்க, விருந்தாளியா வரட்டும்” என்றார்.

நானே அந்த இணைப்பைத் துண்டுச் சீட்டில் எழுதி அவளிடம் கொடுத்தேன். “அம்மா போன்ல இத அடிச்சு உள்ள போ. எல்லாரும் பேசறதும் கேக்கும், நீயும் பேசலாம்” என்றேன். பட்டியலில் இல்லாதவர்களுக்குப் போட்ட பொத்தானும், பட்டியலில் இல்லாத இந்தப் பெண்ணும் என் மண்டைக்குள் ஒன்று சேரவே இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்தது இருபத்தாறு நாள்தான்.

முதல் வெள்ளிக்கிழமை தாளை வாசித்தேன். “நாற்பத்து ரெண்டு, மூணு. நாற்பத்து மூணு, பூஜ்யம்.”

கடைசி பெஞ்சில் எழுந்து நின்றாள். “சார், நான் ரெண்டு போட்டேன் சார்.”

“ஸ்லைடுல இல்லையேம்மா.”

“என் போன்ல தெரியுது சார்.”

“என் கம்ப்யூட்டர்ல தெரியல. எது கரெக்ட்?”

வகுப்பு சிரித்தது. “போன எடுத்தாந்து காட்டட்டுமா சார்?” என்றாள். பள்ளிக்குள் மாணவர்கள் போன் கொண்டுவரக் கூடாது. அதைச் சொன்னேன். உட்கார்ந்தாள். முன்வரிசையில் ஒருத்தன் தணிந்த குரலில் “மனசுக்குள்ள பேசிருப்பா சார்” என்றான். அதற்கு நானும் கொஞ்சம் சிரித்தேன் என்று நினைவு.

அதற்குப் பிறகு அவள் எழுந்திருக்கவில்லை. அந்த முதல் வெள்ளியையும் சேர்த்து இருபத்திரண்டு வெள்ளிக்கிழமை நான் “நாற்பத்து மூணு, பூஜ்யம்” என்று வாசித்தேன். சில பிள்ளைகள் நான் வாசிக்கும் முன்பே சேர்ந்து சொல்லப் பழகிவிட்டார்கள்.

எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடிவு நூறு சதம் வர வேண்டும் என்பதற்காக ஒன்பதிலேயே சலித்துவிடுவார்கள். ஏதாவது ஒரு பாடத்தில் நாற்பதுக்குக் கீழே போனால் பெற்றோரைக் கூப்பிட்டு ‘கவுன்சலிங்’. கவுன்சலிங் என்றால் டி.சி. மகேஸ்வரி மற்ற ஐந்து பாடங்களிலும் தேறியிருந்தாள். என் பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கு முப்பத்தாறு, கலந்துரையாடலுக்குப் பூஜ்யம். நாலு மதிப்பெண் குறைந்தது. என் கையில் இருந்தது பத்து.

ஒரு சனிக்கிழமை செல்வி வந்தார். கம்பெனியில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கி வந்திருந்தார். மேடம் நின்றார், நான் நின்றேன், அவரும் நின்றார். மகேஸ்வரி வெளியே வராந்தாவில் இருந்தாள்.

“வகுப்புக் கலந்துரையாடல்ல ஒரு வார்த்தைகூடப் பேசல. வருஷம் பூரா பூஜ்யம்” என்று தாளை நீட்டினேன்.

செல்வி அதை வாங்கவில்லை. “இன்னா சார் இப்படிச் சொல்றீங்க? நான் வேலை முடிஞ்சு வந்ததும் என் போனப் புடுங்கினு மாடிக்குப் போயிடறா. அங்க நின்னுனு பேசினே இருக்கா. கேட்டா சார் கிளாஸுன்றா. தெனமும் அரை மணி நேரம்.”

இந்த இடத்தில் நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மாற்றி எழுதினால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தம் இல்லை.

“கிளாஸ்ல பேசலம்மா. அது உறுதி. அப்ப யார்கிட்ட பேசறான்னு நீங்கதான் விசாரிக்கணும்.”

செல்வியின் முகம் மாறியது. திரும்பி வராந்தாவைப் பார்த்தார். மேடம், “பொண்ணு வயசு அப்படிம்மா. பாத்துக்குங்க” என்றார். செல்வி டி.சி. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். நாலு நிமிடம்கூட ஆகவில்லை.

செல்வியின் போன் அப்போது கேட்டில் இருந்தது. பள்ளிக்கு வருகிறவர்களும் போனைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். கேட்டுக்கும் அந்த அறைக்கும் ஐம்பத்திரண்டு அடி தூரம். பல வருடம் நடந்து எண்ணியிருக்கிறேன். அதை எடுத்து வரச் சொல்லி ஒரு முறை பார்த்திருந்தால் போதும். எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் தாள் வாசித்தேன். சால்வை போர்த்தினார்கள். ஓய்வு பெற்றேன்.

பதினேழு நாள் முன்பு, ரேவதி டீச்சர் சொன்னபடி பழைய படங்களை எடுப்பதற்காகக் கணக்கைத் திறந்தேன். கடவுச்சொல் ஞாபகம் இருந்தது. எதையும் இறக்கும் முன் எல்லாப் பக்கத்தையும் ஒரு முறை பார்ப்பது என் வழக்கம். காத்திருப்புப் பக்கத்தில் ‘63’ என்று இருந்தது.

அத்தனையும் ஒரே பெயரில் இருந்தன: ‘செல்வி மொபைல்’. நாய்க்காரன்தான் திரும்ப வந்திருக்கிறான் என்று முதலில் நினைத்தேன். ஒன்றைத் தட்டினேன்.

“கேக்குதா சார்? நான் மகேஸ்வரி, ரோல் நம்பர் நாப்பத்து மூணு. இந்தப் படத்துல மூலைல ஒரு ஆள் துணி தொவைக்கறாரு பாருங்க.”

படத்தின் இடது ஓரத்தில் மஞ்சள் வட்டம் ஒன்று மெதுவாக வரைந்துகொண்டு வந்தது. அது நகரத்து ஏரி ஒன்றின் பழைய படம். இப்போது அந்த இடத்தில் பஸ் ஸ்டாண்ட் இருக்கிறது. ஏரியை ஏன் மூடினார்கள், நல்லதா கெட்டதா என்பது நான் கேட்ட கேள்வி.

“ஏரிய மூடிட்டா இவரு எங்க போயி தொவைப்பாரு? புக்ல தண்ணி எங்க போச்சுன்னு இருக்கு. இவரு எங்க போனாருன்னு இல்ல. யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க.”

அந்தப் படத்தை ஒன்பது வருடமாக வகுப்பில் காட்டியிருக்கிறேன். அதில் ஒரு ஆள் இருப்பதை நான் பார்த்ததில்லை. படத்தில் அவர் உயரம் ஒரு அரிசி அளவு.

மூன்று நாள் எடுத்துக்கொண்டு அறுபத்து மூன்றையும் கேட்டேன். ஐம்பத்து நான்கு, டி.சி.க்கு முன்னால் பேசியவை. நான் கேட்டது வாரத்துக்கு இரண்டு, இருபத்திரண்டு வாரத்துக்கு நாற்பத்து நான்கு. பத்து அதிகம் பேசியிருக்கிறாள். அதில் இருபத்தாறு மற்றவர்களுக்குச் சொன்ன பதில்: “ஐஸ்வர்யா, நீ சொன்னது எனக்குப் புடிச்சிருந்துச்சு, ஆனா ஒண்ணு கேக்கறேன்.” “இர்ஃபான், உங்க தாத்தாவுக்கு சிவாஜிநகர்ல கடைன்னியே, அவரு அந்த ஏரியப் பாத்திருக்காரா?” யாரும் பதில் சொல்லவில்லை. அவள் மறுவாரமும் கேட்டிருக்கிறாள்.

முப்பத்து ஒன்றாவதில் சொல்கிறாள்: “நேத்து ஐஸ்வர்யாகிட்ட நேர்லயே கேட்டேன். நீ பேசினதே கேக்கலயேன்னு சிரிச்சா. பரவால்ல. நான் லேட்டா வந்தவதானே.” ஐஸ்வர்யா சொன்னது உண்மை. அதை மகேஸ்வரி எப்படி எடுத்துக்கொண்டாள் என்பதும் புரிகிறது.

மீதி ஒன்பதும் டி.சி. வாங்கிய பிறகு. அவளைப் பள்ளியிலிருந்து நீக்கினோம். இணைப்பை நீக்க யாருக்கும் தோன்றவில்லை. எல்லாமே அந்த ஏரிப் படத்தின் மேல், கிசுகிசுத்த குரலில், சின்னச் சின்னதாக. ஐம்பத்தைந்தாவது இது:

“கேக்குதா சார்? அம்மா குளிக்கறாங்க, அதுக்குள்ள சொல்லிடறேன். நான் யார்கிட்டயும் பேசல சார். உங்ககிட்டதான் பேசினேன். அம்மாகிட்ட நீங்க ஒரு தடவ சொன்னா போதும் சார். நீங்க சொன்னா நம்புவாங்க.”

ஐம்பத்தெட்டாவதில்: “அம்மாகிட்ட இதத் தொறந்து காட்டினேன் சார். இது கிளாஸுன்னா மத்தவங்க ஏன் உனக்குப் பதில் பேசலன்னு கேக்கறாங்க.”

பள்ளிப் பதிவேட்டில் இருந்த எண்ணை ரேவதி டீச்சரிடம் வாங்கி அழைத்தேன். உபயோகத்தில் இல்லை. ஈஜிபுராவுக்கு நடந்தே போனேன். இரண்டாவது முறை வீட்டுக்கார அம்மாள் கிடைத்தார். “ஓ, அந்த செல்வியா? அவங்க காலி பண்ணி நாலு வருஷம் ஆச்சே. பொண்ணு யார்கிட்டயோ போன்ல பேசுதுன்னு ஸ்கூல்லயே சொல்லிட்டாங்களாம். பாவம், அந்தம்மா பயந்துபோயி பொண்ண ஊர்ல சித்தி வீட்ல கொண்டு விட்டுட்டாங்க. அப்புறம் இவங்களும் அத்திபெலே பக்கம் வேலைன்னு போயிட்டாங்க. நீங்க யாரு சார்?”

“தெரிஞ்சவன்” என்றேன்.

அத்திபெலேவுக்கும் போனேன். இறங்கிய இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிந்த தையல் கம்பெனிகள் மட்டும் ஏழு. இரண்டின் வாசலில் கேட்டேன். செல்வி என்ற பெயரில் எங்களிடமே பதினோரு பேர், எந்தச் செல்வி, எந்தத் தையல் லைன், நீங்கள் அவருக்கு என்ன வேண்டும் என்றார் ஒரு காவலாளி. மூன்றாவது கேட்டுக்குப் போகவில்லை. கண்டுபிடித்தால் என்ன சொல்வது என்பதை அதுவரை நான் யோசித்திருக்கவில்லை.

மேடத்துக்கு போன் செய்தேன். அவரும் ஓய்வு பெற்றுத் தார்வாட்டில் இருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டார். அங்கே அவர் எழுந்து நின்றுகொண்டுதான் கேட்டிருப்பார் என்று தோன்றியது. “அது சிஸ்டம் தப்பு சார். ஆகிப் போச்சு. இவாக ஏன் தலை கெடுத்துக்கறீங்க?” என்றார். பிறகு, “எஷ்டு இருந்தது?” என்று கேட்டார். அறுபத்து மூன்று என்றேன். போனை நானாகத்தான் வைத்தேன்.

அந்த வருடத்துத் தாள்கள் என்னிடம் இருக்கின்றன. எல்லாவற்றையும் வைத்திருப்பவன் நான். நாற்பத்து மூன்றாவது வரியில் பூஜ்யத்தை அடித்துப் பத்து என்று எழுதலாம் என்று பேனாவைத் திறந்தேன். எழுதவில்லை. எழுதினால் திருத்திவிட்டேன் என்று ஆகிவிடும். அந்தப் பூஜ்யம் அவளுடையது இல்லை. அது அங்கேயே இருக்கட்டும்.

நேற்று அறுபத்து மூன்றுக்கும் ஒப்புதல் கொடுத்தேன். ஒவ்வொன்றாகத்தான் அமுக்க வேண்டியிருந்தது. ஏரிப் படத்தின் ஓரத்தில் வட்டங்கள் வந்து உட்கார்ந்தன. எல்லாவற்றிலும் முகம் இல்லாத சாம்பல் நிறம். அந்த நாற்பத்து இரண்டு பேரின் கணக்குகளைப் பள்ளி எப்போதோ அழித்துவிட்டது. பார்ப்பவர் எண்ணிக்கை கீழே வருகிறது: ஒன்று. இன்னும் நாலு நாளில் அதுவும் இருக்காது.

ரேவதி டீச்சர், பழைய படங்களில் எதையும் நான் இறக்கிக்கொள்ளவில்லை. கடைசிக் கருத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். அது மொத்தம் பதினாறு விநாடி. “கேக்குதா சார்?” என்று ஆரம்பிக்கிறாள், அறுபத்து மூன்றும் அப்படித்தான் ஆரம்பிக்கின்றன. ஆனால் இதில் அதற்குமேல் எதுவும் இல்லை. மைக் திறந்தே இருக்கிறது. பின்னால் ஏதோ வண்டி போகிறது, யாரோ பக்கெட்டை நகர்த்துகிறார்கள். பதினாலு விநாடி சும்மா நிற்கிறாள். பிறகு அணைத்துவிடுகிறாள்.

இன்று காலை அந்த இடம் வந்தபோது என்னையறியாமல், “கேக்குதும்மா” என்று சொல்லிவிட்டேன்.

சமையலறையிலிருந்து என் மனைவி கேட்டாள்: “யார்கிட்ட பேசறீங்க?”